மன்னிப்பு அவருடையது, கடமை நம்முடையது

1999 ஜனவரி 22ஆம் தேதி நள்ளிரவில், ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூர் கிராமத்தில் வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப், திமோத்தி இருவரும் உயிரோடு எரிக்கப்பட்டனர். மூத்தவனுக்கு 10 வயது, இளையவனுக்கு 6. ஆஸ்திரேலிய மிஷனரியான கிரஹாம் 1965 முதல் பாரிபதாவில் வாழ்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட மயூர்பஞ்ச் தொழுநோய் இல்லத்தை நடத்திவந்தவர்.

அவருடைய மனைவி கிளாடிஸ், மகள் எஸ்தரை அழைத்துக்கொண்டு அப்போதே தாய்நாடு திரும்பியிருந்தால் எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பாரிபதாவிலேயே தங்கி, இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். கொலையாளிகளை மன்னித்துவிட்டதாகப் பகிரங்கமாக அறிவித்தார். தம் மன்னிப்பு வேறு, சட்டம் எடுக்க வேண்டிய நடவடிக்கை வேறு என்பதையும் தெளிவுபடுத்தினார். 2004இல் கணவர் பெயரில் அங்கே மருத்துவமனை எழுந்தது. அதே ஆண்டில் அவர் ஆஸ்திரேலியா சென்றார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

இந்த விடாமுயற்சியின் எடையை நாம் சரியாக உணர வேண்டும். தொழுநோயாளரின் மரத்துப்போன பாதங்களில் ஏற்படும் புண்களுக்கு அன்றாடம் கட்டுப்போட்டாக வேண்டும். குணமான பிறகும் வீட்டார் சேர்த்துக்கொள்ளாதவர்களுக்குச் சோறும் கூரையும் தந்தாக வேண்டும். துக்கத்தை முன்னிட்டு இந்த வேலைகளை ஒத்திவைக்க முடியாது. செவிலியரான கிளாடிஸ் இதை அறிந்திருந்தார். ஊழியம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதை, ஆறாத துயரத்தினூடே, கைத்தட்டலை எதிர்பாராமல், ஐந்தாண்டுகளுக்கு மேல் அவர் செய்துகாட்டினார்.

இத்தகையோர் மீது விழுந்த அடிக்கு மதமாற்றத்தைக் காரணம் காட்டுவோர் இன்றும் உண்டு. அது காரணமே அல்ல. சட்டவிரோத மதமாற்றத்தைத் தடுக்க ஒடிசாவில் 1967 முதலே சட்டம் இருக்கிறது. புகார் உள்ளவர்கள் போக வேண்டிய இடம் காவல் நிலையமும் நீதிமன்றமும்தான். 2011 ஜனவரியில் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், ஸ்டெயின்ஸின் மதப் பணிகளுக்குப் பாடம் புகட்டுவதே கொலையின் நோக்கம் என்று தீர்ப்பில் குறிப்பிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அத்தகைய வாசகங்களை நீக்கியது. நீக்கியது சரி, அவை ஒருபோதும் எழுதப்பட்டிருக்கக் கூடாது.

கிளாடிஸின் மன்னிப்பு, குற்றத்தைத் தடுக்கத் தவறிய அரசுக்கும் வெறுப்பைக் கண்டும் வாய்மூடியிருந்த சமூகத்துக்கும் ஆறுதலாகிவிட்டது. அவரே மன்னித்துவிட்டார் என்று சொல்லிக் கணக்கை முடித்துக்கொண்டோம். அதன் விலையை 2008இல் அதே மாநிலத்தின் கந்தமால் மாவட்டம் கொடுத்தது. இந்துத் துறவி சுவாமி லட்சுமணானந்தரின் கொடூரக் கொலைக்குப் பிறகு, அதில் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன, பலர் கொல்லப்பட்டனர். பாதிக்கப்பட்டவரின் பெருந்தன்மையால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது. தமக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்க கிளாடிஸுக்கு உரிமை உண்டு. குடிமக்களைக் காக்கும் கடமையிலிருந்து அரசை விடுவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

அவர் யாருக்காகத் தங்கினாரோ அந்த நோயாளிகளுக்கும் நாம் நீதி செய்யவில்லை. தொழுநோயாளர் நகராட்சித் தேர்தலில் போட்டியிட முடியாது என்ற ஒடிசா சட்டப்பிரிவை 2008இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. விவாகரத்துக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து தொழுநோய் நீக்கப்பட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டு மருந்து சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும் நோய் இது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள்.

விருது வழங்கியதோடு இந்தக் கடன் தீரவில்லை. வெறுப்புப் பிரசாரம் வன்முறையாகும் முன்பே, ஆளும் கட்சியின் முகம் பாராமல் காவல் துறை செயல்பட வேண்டும். தொழுநோயாளரை ஒதுக்கும் சட்டப்பிரிவு எந்த மாநிலத்தில் எஞ்சியிருந்தாலும் அதைச் சட்டமன்றம் நீக்க வேண்டும். குணமானவர்களைக் குடும்பங்கள் ஏற்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் கிளாடிஸின் பொறுமையை மட்டும் போற்றுவது, நம் சுமையையும் அவர் தோளிலேயே ஏற்றுவதாகும். அது அநீதி.