யோகா விழாவும் என் டோக்கன் பட்டியலும்

ஜனவரி 4 முதல் 7 வரை சர்வதேச யோகா திருவிழா என்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். புத்தாண்டுக் கூட்டம் பீச்சை விட்டுப் போன கையோடு பந்தல்காரர் வந்து இறங்கிவிடுவார். வெளிநாட்டினர், பள்ளிப் பிள்ளைகள், ஆசனப் போட்டி, சொற்பொழிவு என்று நான்கு நாள் ஓடும். கம்பளி சுவாமி மடத்தையும், ஆனந்தா ஆசிரமம் நடத்திய சுவாமி கீதானந்த கிரியையும் அறிந்த ஊர் இது. ஒரு சிறுமி உடம்பை வில்லாக வளைத்தால் நம் ஊரில் யாரும் வாயைப் பிளப்பதில்லை.

பணியில் இருந்த காலத்தில் இந்த விழாவுக்கு எனக்கும் டூட்டி போட்டார்கள். நான் அப்போது வேறோர் அலுவலகத்தில் யூ.டி.சி. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது எப்படியோ மேலே தெரிந்துவிட்டது. பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்காக, பதிவு மேசையில் உட்காரச் சொல்லி ஆணை வந்தது. அரசாங்கத்தில் ஒரு வேலைக்கு அனுப்பப்பட்டவன் நான்கு வேலை பார்க்காமல் திரும்ப முடியாது அல்லவா? பெயர் அட்டை, நடுவர்களின் மதிப்பெண் தாள், பொன்னாடைக் கணக்கு, உணவு டோக்கன் என்று ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

விழாவுக்கு வருகிறவர்கள் பார்ப்பது காலை ஆறு மணிக் கடற்கரையை. நாங்கள் பார்த்தது மூன்றரை மணிக் கடற்கரையை. மார்கழிப் பனியில் நாற்காலி எல்லாம் நனைந்து கிடக்கும். ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். விரிப்பில் ஒட்டிய மணலை உதறி மறுபடி விரிக்க வேண்டும். தொடக்க விழாக் குத்துவிளக்கு தனிக் கதை. கடல் காற்றில் திரி பிடிக்காது. ஐந்து திரியிலும் கற்பூரத்தூள் தடவி வைத்து, முக்கியஸ்தர் மெழுகுவர்த்தியை நீட்டும்போது இரண்டு பேர் கோப்பு அட்டையைப் பிடித்துக் காற்றை மறைக்க வேண்டும். படத்தில் முக்கியஸ்தரின் கை தெரியும். அட்டை பிடித்தவனின் விரல் தெரிந்துவிட்டால் போட்டோக்காரர் முறைப்பார்.

சொல்ல வந்தது இவற்றை அல்ல, டோக்கன் பட்டியலைப் பற்றி.

முதல் வருடம் அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். டூட்டி ஆணையில் யார் யார் பெயர் இருந்ததோ அவர்களை எல்லாம் வரிசையாக எழுதினேன். காவலர்களுக்கு ஒரு எண்ணிக்கை, நடுவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியர்களுக்கு ஒன்று. கூட்டல் சரியாக வந்தது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். இரண்டாம் நாள் காலை எட்டரைக்குப் பொங்கலும் வடையும் கொடுத்துக் கொண்டிருந்தோம். நாற்காலி துடைத்த பெண்கள் ஐந்து பேரும், விரிப்புச் சுமந்த ஆட்கள் ஆறு பேரும் வேனுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரிசைக்கு வரவில்லை. "என்னம்மா, சாப்பிடலியா?" என்றேன். அவர்களில் வயதான ஒரு அம்மா, "எங்களுக்கு டோக்கன் இல்லியாம் சார். நேத்தும் இல்ல" என்றார்.

வவுச்சர் ஊழியர்கள். டூட்டி ஆணையில் அவர்கள் பெயர் கிடையாது. ஆணையில் இல்லாதவர் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாதவருக்குப் பொங்கல் இல்லை. மூன்றரை மணிக்கு எனக்கு முன்பே வந்து நின்றவர்கள் அவர்கள். நான் அவர்களைத் தாண்டித்தான் தினமும் என் மேசைக்குப் போனேன். கணக்கெழுதும்போது மட்டும் கண்ணில் படவில்லை. அந்தத் தவறுக்கு வேறு யாரையும் காட்ட முடியாது. எழுதிய கை என்னுடையது.

அன்று மாலை மேடையில் ஒரு பேச்சாளர் நன்றாகவே பேசினார். முடிக்கும்போது, திரைக்குப் பின்னால் உழைப்பவர்களே உண்மையான கர்ம யோகிகள் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்குக் கை எழவில்லை.

அன்றைக்குத் தோன்றியதைத்தான் இன்றும் நினைக்கிறேன். கீதை சொல்லும் கர்ம யோகம், பலனில் பற்று வைக்காமல் தன் கடமையைச் செய்வது. அந்தப் பற்றை விடவேண்டியவன் உழைக்கிறவன்தான். அவனுக்காக வேறொருவர் விட்டுக்கொடுக்க முடியாது. கூலியைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு, சோற்றை மறந்துவிட்டு, "நீங்கள் கர்ம யோகிகள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வது புகழ்ச்சி ஆகாது. கடனைத் திருப்பிக் கொடுக்காதவன் கடன் கொடுத்தவரைப் பார்த்து "நீங்கள் தர்மவான்" என்று சொல்வதைப் போன்றது அது.

இது யோகா விழாவுக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி முடிந்து சுவாமிகள் ஊர் திரும்பிய பிறகு மணலைக் கூட்டுகிறவர் யார்? வீராம்பட்டினம் ஆடித் தேரில் கவர்னர் வடம் பிடிப்பதைப் பத்திரிகையில் பார்க்கிறோம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் கை நசுங்கினால் வைத்தியச் செலவு யார் பெயரில் எழுதப்படும்? இதையெல்லாம் கேட்டால் ஆன்மிக விழாவில் கணக்குப் பேசுகிறான் என்பார்கள். நான் கிளார்க்கு. கணக்குத்தான் பேசுவேன்.

அடுத்த வருடமும் எனக்கே டூட்டி வந்தது. பட்டியலில் முதல் பதினோரு வரியை வவுச்சர் ஊழியர்களுக்கு எழுதினேன். ஆணையில் இல்லாதவர்களுக்கு எப்படி உணவு என்று தணிக்கையில் கேள்வி வந்தது. வேலை செய்தார்கள், அதனால் சாப்பிட்டார்கள் என்ற பொருளில், அலுவலக நடையில் அரைப் பக்கம் பதில் எழுதினேன். கேள்வி அத்தோடு நின்றது. அரைப் பக்கத்தில் முடிகிற காரியத்தை முந்தைய வருடம் செய்யாமல் விட்டோமே என்பதுதான் இன்றுவரை உறுத்தல்.

2015 முதல் ஜூன் 21ஆம் தேதியும் யோகா தினமாகிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை விரிப்பு விரிக்கிறார்கள். இப்போது அந்த மேசையில் உட்காரும் தம்பி, தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. பட்டியலை ஆணையைப் பார்த்து எழுதாதீர்கள். காலை மூன்றரைக்கு ஒருமுறை திடலைச் சுற்றி வந்து, அங்கே நிற்பவர்களை எண்ணிவிட்டு எழுதுங்கள். இரண்டாவது, கடைசி நாள் பந்தலைப் பிரிப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம் அவர்களுக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியரை நிறுத்தி வையுங்கள். நான்கு நாள் குனிந்து விரிப்பு மடித்த முதுகுகள் அவை. அந்தத் திடலில் யோகாசனம் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.