மணிக்கட்டு வலிக்குக் கணக்கு எங்கே?

பெருவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போட்ட கணக்கு இது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவருக்கு, இந்த எண்ணை வைத்துத்தான் இழப்பீடு.

துண்டான விரலைச் சீராக்குவதில் தமிழகத்துக்குப் பெருமையான வரலாறு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்தவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. அவரும் சுப்பிரமணியனும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, நுனி போன விரலை மூட ஒரு வழி சொன்னது. அதே விரலின் பக்கத்திலிருந்து தோலை முக்கோணமாக வெட்டி, ரத்தநாளமும் நரம்பும் அறாமல் நுனிக்கு நகர்த்துவார்கள். வேறிடத்துத் தோலை ஒட்டினால் காயம் ஆறும், உணர்ச்சி முழுதாகத் திரும்பாது. இந்த முறையில் தொடு உணர்ச்சி தங்கும். பார்க்காமலே திருகாணியைப் பொருத்த வேண்டிய தொழிலாளிக்கு அதுதானே கை!

ரத்தம் சிந்தாமல் கெடும் கையைப் பற்றித்தான் என் கவலை. கைப்பேசி அசெம்பிளி லைனில் ஒரே அசைவை ஷிஃப்ட் முழுக்கச் செய்யும் பெண்ணுக்குப் பெருவிரல் அடியில் வலி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னால் துடித்துப்போவார். ஐக்ஹாஃப் என்ற மருத்துவர் 1927இல் விவரித்த சோதனை இது. தசைநாண் உறை தடித்துவிட்டதைக் காட்டிக்கொடுக்கும். இன்னொருவருக்கு நடுராத்திரியில் முதல் மூன்று விரல்கள் மரத்துப்போகும். எழுந்து கையை உதறினால்தான் தூக்கம். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இவ்விரண்டையும் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் தொழில்சார் நோய்களாகச் சேர்த்துவிட்டது. நம் நாட்டுச் சட்டம் அறிவிக்கச் சொல்லும் 29 நோய்களில் இவை இல்லை. ஈய நச்சு இருக்கிறது, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்புகூட இருக்கிறது. விபத்து என்றால் தேதி உண்டு, சாட்சி உண்டு. தேய்ந்த மணிக்கட்டுக்கு இரண்டும் கிடையாது. கான்ட்ராக்ட்டிலோ ட்ரெய்னியாகவோ வந்தவர்கள், வலி முற்றுவதற்குள் ஊர் திரும்பிவிடலாம். விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ ஏதோ ஒரு கிளினிக்கில் வலி மாத்திரையோடு அந்தக் கதை முடியும்.

நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள் என இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் எழுதினார். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பாதிக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது. காப்பீட்டு எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனம் என்று தெரிந்துவிடும். எந்த லைன், என்ன அசைவு, மணிக்கு எத்தனை பீஸ் என்று ஓ.பி. சீட்டில் இன்னும் ஒரு வரி எழுதினால் போதும். ஒரே லைனிலிருந்து பத்து மணிக்கட்டுகள் வந்தால் அது பத்துப் பேரின் தனிப்பட்ட வலி இல்லை, அந்த லைனின் பழுது. மேசை உயரத்தை மாற்றலாம், கருவியை மேலிருந்து தொங்கவிடலாம், ஆளை மாற்றி மாற்றி நிறுத்தலாம். இவற்றைச் செய்யச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கத் தொழிற்சாலை ஆய்வாளர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.