வாய்க்காலுக்கு மேற்கே

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

புதுச்சேரிக்குப் போய்வந்த நம் கல்லூரி மாணவர் எவரையேனும் நிறுத்தி, ‘அங்கே என்ன கண்டாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். கடற்கரை, காந்தி சிலை, மஞ்சள் வண்ணச் சுவர், அச்சுவரில் சாய்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் என்று நான்கு விடைகள் வரும். ஐந்தாவது விடை வருவது அரிது. நகரின் பெரும்பகுதி பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது என்பதும், அங்கே தமிழர் கட்டி வாழ்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன என்பதும் நம்மில் பலர் எண்ணிப் பாராத செய்திகள். அவற்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாண்டிச்சேரி பாரம்பரிய விழாவைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய தெருக்களின் வழியே வழிகாட்டியுடன் நடைப்பயணம், சொற்பொழிவு, கண்காட்சி என்று பல நிகழ்ச்சிகள் அதில் உண்டு. கட்டணம் கிடையாது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு ‘இலவசம்’ என்ற சொல்லின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை! பேருந்துக் கட்டணம் மட்டும் இருந்தால் போதும் என்று நானும் என் வகுப்புத் தோழர் இருவரும் புறப்பட்டோம்.

விழா நடத்துவோரைக் குறை சொல்வதற்கில்லை. கடலோரப் பகுதிக்கு ஒரு நடை, தமிழர் பகுதிக்கு ஒரு நடை என்று இரண்டும் வைத்திருந்தார்கள். முதல் நடையில் நெரிசல். இரண்டாவதில் கூட்டம் அதில் பாதிகூட இல்லை. முதலாவதில் வந்தவர்கள் பலர் நடை முடிந்ததும் வாய்க்காலைத் தாண்டாமலேயே கடற்கரைக்குத் திரும்பிவிட்டார்கள். குறை விழாவில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது. பாரம்பரியம் என்றால் பிரெஞ்சுக்காரன் விட்டுச் சென்றது என்று நாமே முடிவு கட்டிக்கொண்டோம்.

‘பிரெஞ்சு நகரம்’ என்னும் அந்தப் பெயரையே சற்று உரசிப் பார்ப்போம். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து பிரெஞ்சுக் குடியிருப்பை நிலைநிறுத்தினார் என்பது பாடத்தில் படித்தது. ஆனால் 1693-இல் டச்சுக்காரர்கள் இந்நகரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தார்கள். சதுரங்கக் கட்டம் போல நேராக ஓடி நேராக வெட்டிக்கொள்ளும் இந்தத் தெருக்களுக்கு 1694-இல் திட்டம் வரைந்தவர்கள் அவர்களே. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே பின்பற்றினார்கள். பிறகு 1761-இல் ஆங்கிலேயர்கள் நகரைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் வியந்து பார்க்கும் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை. டச்சுக்காரன் கோடு போட்டான், பிரெஞ்சுக்காரன் ஆண்டான், ஆங்கிலேயன் இடித்தான், சாந்து குழைத்துக் கல் அடுக்கியவன் நம் கொத்தன். அந்தக் கொத்தனுடைய கைத்திறனை அவன் தன் இனத்தாருக்குக் கட்டிய வீடுகளில் பார்ப்பதல்லவா முறை?

1761-க்கு முற்பட்டதென்று சொல்லப்படும் மிகச் சில கட்டடங்களுள் ஒன்று தமிழர் பகுதியில்தான் இருக்கிறது. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அது. கீழ்த்தளத்தில் மரத்தூண்களுடன் தமிழ் முற்றம். மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் உருண்டைத் தூண்கள். ஒரே வீட்டில் இரண்டு நாகரிகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. பிள்ளையின் நாட்குறிப்பை வரலாற்றுத் தேர்வுக்காக மட்டும் அறிந்த நமக்கு அந்த முற்றத்தின் வெளிச்சம் வேறொரு பாடம் சொல்லும்.

கிழக்கிலும் மேற்கிலும் ஒரே நாளில் நடந்து பார்த்ததில் எனக்குப் பட்ட ஒரு வேற்றுமையைச் சொல்கிறேன். பிரெஞ்சு வீடு தெருவுக்குத் தன் மதிலைக் காட்டுகிறது. அழகான மதில்தான், காகிதப்பூக் கொடி வழியும் மதில்தான். ஆனாலும் உயரமான மதில், பெரிய கதவு. தோட்டமும் தாழ்வாரமும் அதற்குப் பின்னே, வீட்டாருக்கு மட்டும். தமிழ் வீடு அப்படியன்று. அது தெருவுக்குத் தன் திண்ணையைக் காட்டுகிறது. திண்ணைக்கும் முன்னால் மரக்கால்கள் நட்டு, ஓடு வேய்ந்து, தெருவை நோக்கி இறக்கிவிட்ட சாய்ப்பு ஒன்று உண்டு. இதைத் தெருத் தாழ்வாரம் என்கிறார்கள். வீட்டுக்காரன் தன் செலவில் வழிப்போக்கனுக்குக் கொடுத்த நிழல் அது. ஒரு தெரு முழுதும் வீட்டுக்கு வீடு தாழ்வாரம் இறக்கியிருந்த காலத்தில், சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒதுங்கி ஒதுங்கியே நடந்துவிடலாம். இன்று இரண்டு வீட்டில் தாழ்வாரம் இருக்கிறது. அடுத்து நான்கு மாடிக் கட்டடம். மறுபடி ஒரு வீடு. நிழல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது.

இந்தப் புகழ்ச்சியை அளவோடுதான் செய்ய வேண்டும் என்பதையும் அறிவேன். வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி, கோமுட்டி வீதி என்று பெயர் வைத்துப் பிரித்த ஊரில், எந்தத் திண்ணையில் எவர் உட்காரலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. வழிப்போக்கன் என்ற சொல்லில் எல்லோரும் அடங்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை எழுதியது திண்ணை அன்று, மனிதர்கள். கணக்கைத் தொலைக்க வேண்டிய நேரத்தில் திண்ணையை இடித்துவிட்டு, ‘அந்நியர் உள்ளே வரக்கூடாது’ என்று இரும்புக் கதவில் பலகை மாட்டியிருக்கிறோம்.

உள்ளே போனால் ரேழி, முற்றம், கூடம் என்று வரிசையாக வருகிறது. என்னை மிகவும் கவர்ந்தது கூரை. கட்டட நூல்களில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று குறிக்கப்படும் தளம் அது. மரக்கட்டைகளை நெருக்கமாக வரிசையாய்ப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திக் கோணவாட்டில் கோத்துச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைக்கிறார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி அடித்து இறுக்குகிறார்கள். கடைசியில் தட்டோடு பதிக்கிறார்கள். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அந்தத் தளம் நிற்கிறது. சுவர்ப் பூச்சோ அதைவிடப் பொறுமை வேண்டும் வேலை. சுண்ணாம்பை ஊற வைத்து, அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து, மேற்பூச்சுக்கு முட்டை வெண்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தச் சுவரில் கை வைத்தால் பளிங்கைத் தொட்டது போலக் குளிர்கிறது.

இந்த வேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். கிடைப்பதோ சிமெண்டு. அது வந்து செய்யும் கேட்டை நான் சென்ற வீடொன்றில் கண்ணால் கண்டேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கினாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரத் தொடங்கும். கடற்காற்று அடிக்கும் ஊரில் சொல்லவே வேண்டாம். அக்கறையோடு செய்த பழுதுபார்ப்பே வீட்டுக்கு நஞ்சாகிறது.

அந்த வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். எங்கள் கூட்டத்தை மலர்ந்த முகத்தோடு உள்ளே விட்டு, முற்றத்தில் நிறுத்தி, தண்ணீரும் கொடுத்தார். எல்லோரும் படம் எடுத்து முடித்த பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: “பாக்க வர்றவங்களுக்கு இலவசம் தம்பி. ஓடு மாத்துறது எனக்கு இலவசமா?” தம்பிமார் மூவர், ஒருவர் பிரான்சில், மற்ற இருவர் வெளியூரில். நான்கு பங்கு உள்ள வீடு. முற்றம் வைத்த வீட்டை நான்காகப் பிரிக்க முடியாது. சுவர் எழுப்பினால் முற்றம் போய்விடும், வெளிச்சமும் போய்விடும். விற்றால்தான் பங்கு. விற்றால் வாங்குகிறவர் வாங்குவது மனையை, வீட்டை அன்று. பேராசை பிடித்து இடிப்பவர்களைத்தான் நாம் மேடையில் சாடுகிறோம். நான் அறிந்தவரை இடிப்பவர்களில் பலர் பேராசைக்காரர்கள் அல்லர்; வேறு வழி தெரியாதவர்கள்.

அரசாங்கத்துக் கட்டடத்துக்கு நேர்ந்தது வேறு கதை. கடற்கரைச் சாலையில் நின்ற ‘மேரி’ கட்டடம் 1870-களின் தொடக்கத்தில் எழுந்த நகராட்சி மன்றம். (மேரி என்பது பெண்ணின் பெயரன்று; நகராட்சி மன்றத்துக்குப் பிரெஞ்சு மொழியில் அதுவே பெயர்.) 2014 நவம்பர் 29-ஆம் நாள் மழையில் அது இடிந்து விழுந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடம் விழுந்த பிறகே எல்லோருக்கும் உறைத்தது. உலக வங்கிக் கடனுதவியோடு பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். மகிழ்ச்சியே. ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வீடு அதே மழையில் விழுந்தால் எந்த வங்கி வரும்? திறப்பு விழாவுக்கு யார் வருவார்கள்?

வழியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வைசியாள் வீதியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முயற்சி நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இன்டாக் அமைப்பு அத்தெருவின் வீட்டு முகப்புகளைப் பழைய வடிவில் செப்பனிட்டது. செலவில் ஒரு பகுதியைத் திட்டம் தந்தது. மீதியை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். 2008-இல் அந்தப் பணிக்கு யுனெஸ்கோவின் பாராட்டும் கிடைத்தது. அத்தெருவில் நின்று பாருங்கள். தாழ்வாரம் வரிசையாக இறங்கிய தெரு எப்படி இருந்திருக்கும் என்பது புரியும். என் மனத்தில் பட்டது யுனெஸ்கோ பாராட்டன்று, அந்தச் செலவுக் கணக்கு. வீட்டுக்காரனும் பணம் போட்டான், ஊரும் போட்டது. ஆகவே வீடு நின்றது.

இதையே நான் கேட்கிறேன். திண்ணையும் முற்றமும் கெடாமல் வைத்திருக்கும் வீட்டுக்கு வீட்டு வரியைத் தள்ளுபடி செய்தால் நகராட்சி ஏழையாகிவிடாது. ஓடு மாற்றவும் உத்திரம் மாற்றவும் பாதிச் செலவை மானியமாகக் கொடுக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்சார வேலையும் குழாய் வேலையும் கற்றுக்கொடுப்பது போலச் சுண்ணாம்பு வேலையும் ஏன் கற்றுக்கொடுக்கக் கூடாது? இன்றைக்கு அந்தக் கொத்தர்களுக்குக் கூலியும் உண்டு, கிராக்கியும் உண்டு.

‘பழைய வீட்டில் ஒழுகும் கூரையின்கீழ் அவர்கள் படுக்க, நாம் வந்து வேடிக்கை பார்க்க வேண்டுமா?’ என்று என்னோடு வந்த தோழரே கேட்டார். நியாயமான கேள்விதான். குளியலறை வேண்டும், மின்விசிறி வேண்டும், மாடியில் ஓர் அறை வேண்டும் என்றால் கட்டிக்கொள்ளட்டும். தெருவைப் பார்த்த முகப்பும் முற்றமும் நிற்கட்டும் என்பதே என் கருத்து. சில வீடுகள் விடுதிகளாகி விட்டன. அங்கே திண்ணையில் நம்மை உட்கார விடமாட்டார்கள், காவலாளி முறைப்பார். இருந்தும் இடிபடுவதைவிட அது மேல் என்று மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஊரில் உள்ள வீடெல்லாம் விடுதியாகிவிட்டால் அந்தத் தெருவில் யார்தான் வாழ்வார்கள்?

நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா என்ற பெயரில் நெடுந்தொலைவு போய்வருகிறோம். புதுச்சேரி ஒரு மணி நேரத் தொலைவு. அடுத்த விழாவின்போது வரலாற்றுத் துறை மாணவர்கள் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழுவுக்கு ஒரு வீடு என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டாரின் இசைவு பெற்று அளந்து வரைபடம் போடலாம். கட்டிய ஆண்டும் கைமாறிய விவரமும் கேட்டு எழுதலாம். தமிழ்த் துறையினர் சொற்களைத் தொகுக்கலாம். உத்திரம், கைமரம், இறவாணம், நிலை, ரேழி, இன்னும் நமக்குத் தெரியாத எத்தனையோ சொற்கள் அந்தப் பெரியவர்களின் வாயிலும் கொத்தர்களின் வாயிலும் இருக்கின்றன. பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் அது. அவர் குடியிருந்த வீடும் பாரதிதாசனின் வீடும் வாய்க்காலுக்கு மேற்கேதான் இருக்கின்றன. தமிழ்த் துறைக்குப் போக வேறு காரணமும் தேவையில்லை.

விழா வழக்கமாக ஆண்டுத் தொடக்கத்தில் வருகிறது. பருவத் தேர்வு முடிந்து வகுப்புகள் சூடு பிடிக்காத நேரம். ஓர் அளவு நாடா, கோடு போடாத நோட்டு, பென்சில், மாற்றுச் சட்டை ஒன்று போதும். புகைப்படக் கருவி இருந்தால் நல்லது. வீட்டாரைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். வரைபடத்தின் படி ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். பழுதுபார்க்க உதவி கேட்டு நாளைக்கு அவர் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.