அந்த இரண்டு நிமிடத்தை ஸ்டூடியோக்காரரிடம் கொடுக்க வேண்டாம்



பல்கலைக்கழக அனுமதி என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு ஒன்றுதான். உயர்தரப் பெறுபேறு, இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி. விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பிள்ளையின் சுட்டெண் மட்டும்தான் தெரியும். பிள்ளை யார், எப்படிப்பட்டவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கணக்கிலேயே வளர்ந்த பிள்ளை வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போது, "உன்னைப் பற்றி இரண்டு நிமிடம் வீடியோவில் பேசி அனுப்பு" என்று கேட்டால் திகைத்துப் போகிறது.

இது நேற்று வந்த வழக்கம் அல்ல. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2009-2010 அனுமதிக் காலத்திலேயே, விரும்பினால் ஒரு நிமிட வீடியோ அனுப்பலாம் என்றது. சிக்காகோ பல்கலைக்கழகம் 2018இல் இரண்டு நிமிட அறிமுக வீடியோவைக் கொண்டுவந்தது. பிரவுன் பல்கலைக்கழகம் பழைய மாணவர்கள் நடத்திய நேர்முகத்தை விட்டுவிட்டு வீடியோவுக்கு மாறியது. இப்போது புலமைப்பரிசில் திட்டங்கள் சிலவும் இப்படிக் கேட்கின்றன. எங்கள் பாடசாலையில் இருந்து விண்ணப்பிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனாலும் அவர்களுடைய வீடியோக்களைப் பார்க்கும்போது சில விசயங்களை ஊரோடு பேச வேண்டும் போல் இருக்கிறது.

முதலாவது ஸ்டூடியோ. கலியாண வீடியோ எடுக்கிறவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ட்ரோன் பறக்கிறது, கடற்கரையில் பிள்ளை மெதுவாக நடந்து வருகிறது, பின்னால் இசை. யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தைப் பிள்ளை ஒப்புவிக்கிறது. செலவைக் கேட்டால் ஒரு மாத டியூசன் காசைவிடக் கூட. இதில் வேடிக்கை என்னவென்றால், சிக்காகோ பல்கலைக்கழகம் அதிகம் ஒத்திகை பார்க்கவோ எடிட் செய்யவோ தேவையில்லை என்றே விண்ணப்பதாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அவர்கள் கேட்பது பிள்ளையின் குரலை. நாம் காசு கொடுத்து அந்தக் குரலை மூடிவிட்டு அனுப்புகிறோம்.

இரண்டாவது, மேடைப் பேச்சுப் பழக்கம். தமிழ்மொழித் தினம், மீலாத் விழா, ஆங்கில தினம் என்று எங்கள் பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் சளைத்தவர்கள் அல்ல. கையை உயர்த்தி, குரலை ஏற்றி இறக்கி, நடுவர் அவர்களே என்று தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். அது மேடைக்கு நல்லது. போனுக்கு முன்னால் ஒரு முழம் தூரத்தில் இருந்து அப்படிப் பேசினால் கேட்கிறவருக்குக் காது வலிக்கும்.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைக்கிறது. என்ன சொல்வது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. பெயர், ஊர், வாப்பாவின் தொழில், எதிர்கால ஆசை டாக்டர், பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. பத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் எட்டுப் பேர் இதையே சொல்வார்கள். ஒரு மாணவியும் இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். வாசிப்பு என்று சொல்கிறாயே, கடைசியாக என்ன வாசித்தாய் என்று கேட்டோம். கொஞ்சம் தயங்கிவிட்டு, பக்கத்து வீட்டு மாமிக்கு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த சிங்களக் கடிதம் என்றார். பிறகு கதை மெல்ல வெளியே வந்தது. அந்த ஒழுங்கையில் பாதிப் பேருக்குச் சிங்களப் படிவம் நிரப்பிக் கொடுப்பது இந்தப் பிள்ளைதான். ஆஸ்பத்திரி, பொலிஸ், வங்கி என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் இவரைத் தேடி வருவார்கள். ஏன் அதை எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒரு விசயமா டீச்சர்?" என்றார்.

அதுதான் விசயம். ஒரே நாட்டில் இரண்டு மொழிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்களுக்குப் பதினேழு வயதுப் பிள்ளை பாலமாக இருக்கிறது. இதைக் கேட்கிற அதிகாரி ட்ரோன் காட்சியைத் தேடுவாரா? வயலில் வாப்பாவோடு நின்று தண்ணீர் பம்பியைக் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை இருக்கிறது. உம்மாவின் இடியப்ப வியாபாரத்துக்குக் கணக்குக் கொப்பி வைத்திருக்கிற பிள்ளை இருக்கிறது. இவர்கள் எல்லாம் தலைமைத்துவம், அர்ப்பணிப்பு என்று பெரிய சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது கவலையாக இருக்கிறது.

தன்னைப் பற்றித் தானே பேசுவது பெருமை, அது ரியாவில் போய்விடும் என்று சில பெரியவர்கள் சொல்வதும் காதில் விழுகிறது. அந்தப் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் யூஸுஃப் நபி (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியங்களின் பொறுப்பைக் கேட்டபோது, அதைப் பாதுகாக்கும் தகுதியும் அறிவும் தமக்கு உண்டு என்று தாமே சொன்னதைக் குர்ஆன் சொல்கிறது. கேட்கிற இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வது வேறு, ஊருக்குக் காட்டுவதற்காகச் சொல்வது வேறு. பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

பெண் பிள்ளைகளின் விசயத்துக்கு வருவோம். மகளின் முகம் வீடியோவில் போகக் கூடாது என்று வாப்பாமார் தடுத்து, விண்ணப்பமே நின்றுபோவதைப் பார்க்கிறோம். ஜனவரி முதல் வாரத்தோடு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முடிவுத் திகதி போய்விடும், வீட்டில் பேச்சு முடிந்திருக்காது. இந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. பிள்ளைகளின் படங்கள் எப்படியெல்லாம் கைமாறுகின்றன என்று பாடசாலையில் இருக்கிற எங்களுக்கும் தெரியும். ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்து பயப்பட வேண்டும். இந்த வீடியோ பேஸ்புக்குக்கோ டிக்டொக்குக்கோ போவதில்லை. பெரும்பாலும் பிள்ளையின் கடவுச்சொல்லோடு திறக்கும் விண்ணப்பப் பக்கத்தில் நேரே ஏற்றப்படுகிறது. யூடியூப் இணைப்புக் கேட்டால் 'அன்லிஸ்டட்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் தேடுகிறவர்களுக்கு வீடியோ வராது. இணைப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பார்க்கலாம், ஆகவே அந்த இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். முடிவு வந்ததும் அழித்துவிடலாம். முக்காட்டோடு, உம்மா பக்கத்தில் இருக்க, வீட்டுக்குள்ளேயே எடுக்கலாம். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஸ்டூடியோக்காரரின் கணினியில் மகளின் வீடியோ எத்தனை வருடம் கிடக்கும் என்று எந்த வாப்பாவும் கேட்டதை நாம் காணவில்லை.

எடுக்கிற முறை லேசு. ஜன்னலுக்கு முகம் கொடுத்து உட்கார வேண்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டிவிடும். போனைக் கண் மட்டத்தில் புத்தக அடுக்கில் சாத்தி வைத்தால் போதும். திரையைப் பார்க்காமல் கமராவின் கண்ணைப் பார்க்க வேண்டும். படத்தைவிடச் சத்தம் முக்கியம், மின்விசிறியை நிறுத்துங்கள். பாண் ஆட்டோ பாட்டோடு வருகிற நேரத்தைத் தவிர்த்து, லுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஊர் அடங்கியிருக்கும்போது எடுக்கலாம். இரண்டு நிமிடத்தில் நிதானமாகப் பேசினால் சுமார் 260 ஆங்கிலச் சொற்கள்தான் வரும். அதில் ஒரு விசயத்தைச் சொல்லலாம், ஐந்தைச் சொல்ல முடியாது. வசனம் வசனமாக எழுதிப் பாடமாக்க வேண்டாம், நாலு குறிப்பை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பேசட்டும். அமெரிக்க உச்சரிப்புக்கு முயலவும் தேவையில்லை. விளங்கினால் போதும்.

கொழும்பின் பெரிய சர்வதேசப் பாடசாலைகளில் இதற்கென்றே வழிகாட்டி ஆலோசகர்கள் இருக்கிறார்கள், எங்களிடம் இல்லை. புள்ளிகளும் கட்டுரையும் ஆசிரியர் கடிதமும் சரியில்லாமல் வீடியோ மட்டும் யாரையும் உள்ளே கொண்டுபோகாது என்பதும் உண்மை. பல இடங்களில் இது கட்டாயமும் இல்லை. ஆனால் இசட் புள்ளியில் தெரியாத பிள்ளை ஒன்று தெரிய வருகிற இடம் இது. அந்த இடத்தில் நிற்கப் பிள்ளைக்குத் துணை வேண்டும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்கிற எங்கள் ஊர் நானாமார், லாத்தாமார் மாதத்தில் ஒரு மணித்தியாலம் தந்தால் பெரிய உதவி. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். பிள்ளையின் முன்னால் இருந்து கேள்வி கேட்டு, வருகிற பதிலை இடைமறிக்காமல் கேட்டால் போதும்.

இந்த வருடம் விண்ணப்பிக்கிற பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகு எங்களிடம் வரலாம். உம்மாவோ வாப்பாவோ கூட வந்து பக்கத்தில் இருக்கட்டும். எழுதிப் பாடமாக்கிய கடதாசியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.