தனியாகத் தூக்க முடிந்த வண்டியே மலைக்குப் போதும்

ஜவ்வாது மலையில் சாமை அறுப்பு முடிந்த நாட்களில் புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கம் போனால் மூட்டைகள் எந்த வண்டியில் வருகின்றன என்று பாருங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல். 99.7 சிசி, ஒரே சிலிண்டர், எடை 90 கிலோவைத் தொடாது. காலடியில் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை என்று வைத்துக்கொண்டு, ஜல்லி பெயர்ந்து கிடக்கும் பாதையில் அந்த ஊர்க்காரர் நிதானமாக இறங்கி வருவார். சறுக்கினால் காலை ஊன்றிக்கொள்வார். விழுந்தால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தானே வண்டியைத் தூக்கி நிறுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் மலையடிவாரத்தில், திருப்பத்தூரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ‘அட்வென்சர் பைக்’ என்று சொல்லப்படும் உயரமான வண்டிகள் எங்கள் ஊர் வழியாக மலையேறுகின்றன. ஞாயிறு மாலையில் அவற்றில் சில என் பட்டறைக்கு வந்து நிற்கும். கிளட்ச் லீவர் உடைந்திருக்கும், ஹேண்டில்பார் வளைந்திருக்கும், ரிம் நெளிந்திருக்கும். ஓட்டி வந்த பிள்ளைகள் களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். பெரும்பாலும் அவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. தங்களால் ஆள முடிந்ததைவிட கனமான வண்டியை வாங்கிவிட்டவர்கள். கரடுமுரடான பாதைக்கு வண்டி தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குதிரைத்திறனைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் போதும். அதிலும் தனி ஆளாக நீங்கள் தூக்கி நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

தார் ரோட்டில் எடை தெரியாது. சக்கரம் சுழலும் வரை 200 கிலோவும் லேசாகத்தான் இருக்கும். சரளை மண்ணில் கொண்டை ஊசி வளைவு வரும்போது கதை மாறுகிறது. நடக்கிற வேகத்தில்தான் போவீர்கள். முன்சக்கரம் ஒரு கூழாங்கல்லில் ஏறி அரை அடி நழுவும். கால் வைக்கப் போனால், வைத்த இடம் பள்ளமாக இருக்கும். வண்டி சாய்ந்துவிடும். இது யாருக்கும் நடக்கும். மண் பாதையில் ஓட்டுகிறவன் விழத்தான் செய்வான். அப்போது சுற்றிலும் ஆள் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் நிமிர்த்திய வண்டி மறுபக்கம் போய் விழும். உருளாமல் இருக்க முதல் கியரில் போடுங்கள். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில்பார் பிடியில், இன்னொரு கை பின்னால் இருக்கும் கம்பியில். இடுப்பை வளைக்காமல், தொடையின் பலத்தில் பின்னோக்கிச் சிறிய அடிகளாக வைத்து எழ வேண்டும். இப்படிச் செய்தால் 160 கிலோ வண்டியை ஓரளவு உடல் பலம் உள்ள யாரும் நிமிர்த்திவிடலாம். 200 கிலோவையும் ஒரு முறை நிமிர்த்தலாம். அதே மதியத்தில் மூன்றாவது முறை விழும்போதுதான், அந்த 40 கிலோ என்ன என்று முதுகுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கோடு கடையில் இருப்பவற்றைப் பாருங்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 160 கிலோ. சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. உலகம் சுற்றுகிறவர்களின் கனவாகச் சொல்லப்படும் இரட்டை சிலிண்டர் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ், விற்பனையில் இருந்தபோது, 249 கிலோ. இரும்புப் பெட்டிகளும் கூடாரமும் உடைகளும் இதற்கு மேல்தான் ஏறும்.

பெரிய வண்டி இல்லாமல் தூரதேசம் போக முடியாது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். 2004இல் நடிகர் இவான் மெக்கிரகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு, கிழக்குத் திசையாகவே, பெரிய பிஎம்டபிள்யூ வண்டிகளில் போனார்கள். மங்கோலியாவில் அவர்களுடைய ஒளிப்பதிவாளரின் வண்டி சட்டம் உடைந்து நின்றுபோனது. அவர் அங்கேயே ஒரு ரஷ்ய வண்டியை வாங்கினார். இஷ் பிளானெட்டா, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பழைய காலத்து வடிவமைப்பு. மங்கோலியச் சேற்றில் பெரிய வண்டிகள் திணறிய இடங்களை அந்தச் சின்ன வண்டி சுலபமாகக் கடந்தது. இன்னொருவர் நெதர்லாந்துப் பெண் நோரலி ஸ்கூன்மேக்கர். 2018இல் இந்தியாவில் ஒரு ஹிமாலயன் 411 வாங்கினார். சென்னையை அடுத்து ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் அந்த 24 குதிரைத்திறன் வண்டியில் ஈரான், மத்திய ஆசியா வழியாகத் தன் நாட்டுக்கே போய்ச் சேர்ந்தார்.

24 குதிரைத்திறன் எப்படி அவ்வளவு தூரம் இழுத்தது என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பார்கள். பதில் இன்ஜினுக்குள் இருக்கிறது. 411இன் சிலிண்டர் அகலம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86 மில்லிமீட்டர். அகலத்தைவிட ஓட்டம் நீளம். அப்படி அமைந்த இன்ஜினுக்கு வேகமாகச் சுற்றப் பிடிக்காது. ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை கிடைக்கும். அதன் 32 நியூட்டன் மீட்டர் இழுவையும் நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்குள்ளேயே வந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிப்பு நடக்கிறது. நடுவில் வண்டி நின்றுவிடாமல் கனமான ஃபிளைவீல் சுழற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் செங்குத்தான மேட்டில், முதல் கியரில், ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்திருந்தாலே ‘டப் டப்’ என்று ஏறிவிடுகிறது. கிளட்சைத் தேய்த்துத் தேய்த்து ஓட்ட வேண்டியதில்லை. மலையிலிருந்து கருகிய கிளட்ச் பிளேட்டோடு வருகிற வண்டிகளைத் தினமும் பிரிக்கிறவனுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

பழுது பார்க்கவும் இதுவே எளிது. ஒரு சிலிண்டர் என்றால் பிஸ்டன் ஒன்று, ஹெட் ஒன்று, பார்க்க வேண்டிய வால்வுகளும் குறைவு. ஏர் ஃபில்டரில் புழுதி ஏறினால் அரை மணி நேரத்தில் கழற்றித் தட்டி மாட்டலாம். ஜமுனாமரத்தூரில் இருக்கும் என்னைப் போன்ற ஒரு மெக்கானிக்கும், லடாக்கில் இருக்கும் ஒரு மெக்கானிக்கும் இந்த இன்ஜினைப் பார்த்தால் பயப்பட மாட்டார்கள். லேப்டாப் இணைத்தால்தான் பேசும் வண்டி, மலையில் நின்றால் லாரி ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹிமாலயனிலும் எக்ஸ்பல்ஸிலும் முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய வட்டம் என்பதால் கல்லின் மேல் ஏறிப் போகும், பள்ளத்தில் புதைந்து நிற்காது. வி-ஸ்ட்ராமிலும், 2025இல் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300இலும் முன்சக்கரம் 19 அங்குல அலாய். பெரும்பகுதி தார் ரோடு, இடையில் கொஞ்சம் மண் பாதை என்று போகிறவர்களுக்கு அவை நல்ல தேர்வு. கல் பாதைதான் குறிக்கோள் என்றால் ஸ்போக்ஸ் சக்கரம் வாங்குங்கள். ஸ்போக்ஸ் ரிம் நெளிந்தால் தட்டி நேராக்கிவிடுவேன். அலாய் வெடித்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்போக்ஸ் சக்கரத்தில் டியூப் இருந்தால் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு, டயர் கழற்றும் இரண்டு லீவரும் ஒரு டியூபும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் சரளை மேல் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்கும் தூரம் அதிகமாகும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள்.

சீட் உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. நம் ஊரில் ஐந்தடி நான்கு, ஐந்தடி ஐந்து அங்குலம் உள்ளவர்கள்தான் அதிகம். 825 மில்லிமீட்டர் சீட்டில் உட்கார்ந்தால் அவர்களுக்கு நுனிக்கால்தான் தரையில் படும். சமதளத்தில் அது போதும். ஒரு பக்கம் சரிந்த பாதையில் நுனிக்கால்கூடத் தரையைத் தொடாது. நண்பன் வாங்கினான் என்பதற்காக, தரை எட்டாத வண்டியை வாங்கிவிட்டு பயந்து பயந்து ஓட்டும் பெண்களையும் ஆண்களையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு 800 மில்லிமீட்டர் உயரமுள்ள பழைய ஹிமாலயன் 411 எவ்வளவோ மேல். பழைய வண்டி வாங்கும்போது அடியில் இருக்கும் இன்ஜின் தகட்டில் எவ்வளவு அடி விழுந்திருக்கிறது, ஹேண்டில்பாரைத் திருப்பினால் கோன் செட் நடுவில் தடுக்கிறதா, ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தால் போதும். வண்டி எப்படி ஓடியது என்பதை அவை மூன்றும் சொல்லிவிடும்.

அரசின் வரியும் இப்போது சின்ன வண்டிக்குச் சாதகமாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350ஐத் தாண்டினால் 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது. எக்ஸ்பல்ஸ், வி-ஸ்ட்ராம், ஆர்டிஎக்ஸ் மூன்றும் குறைந்த வரிக்குள் வருகின்றன. வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. ஆனாலும் இந்தக் கோடு போட்ட விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 452 சிசி, 40 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் ஹிமாலயனும், இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கும் பெரிய வெளிநாட்டு வண்டியும் ஒரே 40 சதவீதத்தில் நிற்கின்றன. ஆடம்பரத்துக்கு வரி போடுவதென்றால் விலையை வைத்துப் போடட்டும். சிசியை வைத்துப் போட்டால், தமிழ்நாட்டு ஆலைகளில் தயாராகும் நடுத்தர வண்டியை வாங்க ஆசைப்படும் சம்பளக்காரர்தான் அடிபடுகிறார். ஜிஎஸ்டி மன்றம் இதைத் திருத்த வேண்டும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மண் பாதை எல்லாம் பொதுப் பாதை ஆகிவிடாது. மலைக் கிராமங்களுக்குப் போகும் பாதைகளில் அந்த மக்களுக்கு மரியாதை கொடுத்து, சைலன்சரை மாற்றாமல் மெதுவாகப் போங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றம். யானை நடக்கும் தடத்தில் உங்கள் டயர் தடம் பதிய எந்தக் காரணமும் இல்லை.

வண்டி வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஷோரூமில் வண்டியைக் கீழே படுக்க வைக்க விடமாட்டார்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அதே வண்டியை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். புல்தரையில் பழைய சாக்கை விரித்து, வண்டியை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். யாரையும் தொடவிடாமல் நீங்களே நிமிர்த்துங்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஒரு முறை நிமிர்த்துங்கள். முடிந்தால் அதற்கே முன்பணம் கட்டுங்கள். முடியவில்லை என்றால், தயங்காமல் அதைவிட லேசான வண்டியைப் பாருங்கள்.