இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பத்தாம் வகுப்பில் இதைப் படிக்காதவர் நம்மில் எவரும் இலர். தேர்வில் எளிதாக மதிப்பெண் கிடைக்கும் பகுதி. எனக்கும் கிடைத்தது. அதே ஆண்டில்தான் எங்கள் வீட்டுப் பிளக் உருகிப் போயிற்று.

எங்களுடையது பழைய வாடகை வீடு. கூடத்தில் ஒரே ஒரு ஐந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட்தான். திங்கட்கிழமை காலையில் அதில் ஒரு மல்டி பிளக்கைச் செருகி, ஒரு பக்கம் என் சீருடைக்கு இஸ்திரிப் பெட்டி, மறு பக்கம் பாட்டி குளிக்க வாளியில் தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர். அடிக்கடி ஃபியூஸ் போகும். ஒரு நாள் சித்தப்பா வந்து, ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, “இனிமேல் போகவே போகாது” என்றார். உண்மைதான், அது போகவில்லை. மூன்றாம் வாரம் சுவரிலிருந்து புகை வந்தது. பாட்டி போட்ட சத்தத்தில் அம்மா ஓடிப் போய் மெயினை அணைத்தார்கள். பிளக் கருகி, பிளாஸ்டிக் மெழுகாய் வழிந்திருந்தது. யாருக்கும் காயமில்லை.

அன்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இஸ்திரிப் பெட்டியின் தகட்டில் 1000 வாட், 230 வோல்ட் என்றிருந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 4.35 ஆம்பியர். ஹீட்டர் 1500 வாட், அதற்கு 6.52 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 11 ஆம்பியர், ஐந்து ஆம்பியர் பிளக்கின் வழியாக! ஃபியூஸ் அத்தனை நாளும் நம்மை எச்சரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

இதில் எனக்கு ஒரு குழப்பமும் இருந்தது. தோழியர் சிலருக்கும் இருக்கலாம். தடை அதிகமானால் சூடும் அதிகம் என்றே நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் இஸ்திரிப் பெட்டிக்கு சுமார் 53 ஓம், அதைவிட அதிகம் சூடு தரும் ஹீட்டருக்கோ 35 ஓம்தான் வருகிறது. ஒரே மின்னழுத்தத்தில் தனித்தனியாக இணைத்த கருவிகளில், தடை குறைந்ததே அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆகவே அதிக சூடு. ஆனால் பிளக்கின் தளர்ந்த முனை வேறு கதை. அது தொடர் இணைப்பில் நிற்கிறது. எல்லா மின்னோட்டமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும். தளர்ந்த முனையின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். இஸ்திரிப் பெட்டி மட்டும் ஓடினால் அந்த முனையில் சுமார் 9 வாட். இரண்டும் ஓடினால் சுமார் 60 வாட்! பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு முழுவதும் விரல் நுனியளவுப் பித்தளைக்குள் அடைபட்டால் பிளாஸ்டிக் என்ன செய்யும்?

இந்தக் கணக்கைப் போட எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புகை வருவதற்கு முன்னால் ஏன் போடவில்லை என்பதுதான் என் கேள்வி. தேய்ப்பது அம்மா, ஹீட்டர் போடுவது பாட்டி, சூத்திரம் தெரிந்தவள் நான். ஃபியூஸ் கட்டை மட்டும் சித்தப்பா கையில். அவரோ கணக்குப் போடுகிறவர் அல்லர். “பொம்பளப் பிள்ளைக்குக் கரண்ட்ல என்ன வேலை?” என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அபாயம் என்ற அச்சம் நியாயமானதே. ஈரக் கையோடு பிளக்கைத் தொடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இணைப்பைக் கழற்றி வைத்த கருவியின் தகட்டைப் படிப்பதில் என்ன அபாயம்? நாள் முழுதும் மிக்ஸியும் கிரைண்டரும் ஓட்டுகிறவர்கள் நாம்தானே!

ஓம் என்ற ஜெர்மானியர் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். கொலோன் நகரில் முன்பு இயேசு சபையார் நடத்திய பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது செய்த சோதனைகளைக் கொண்டுதான் 1827-இல் தம் நூலை வெளியிட்டார். அவரை நாம் அறிவோம். ஹெர்தா அயர்ட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை எத்தனை பேருக்குத் தெரியும்? அக்காலத் தெருவிளக்குகளில் எரிந்த மின்வில்லில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் வில்லின் நீளமும் எப்படித் தொடர்புடையவை என்று அளந்தவர் அவர். மின்னோட்டம் கூடும்போது அங்கே மின்னழுத்தம் குறைகிறது. ஓம் விதி நேராகச் செல்லாத இடம் அது. 1899-இல் லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1902-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. காரணம், அவர் மணமான பெண்! அதே சொசைட்டி 1906-இல் அவருக்கு ஹியூஸ் பதக்கம் அளித்தது. அளவுகள் சரியாக இருந்தன. வேறென்ன செய்ய முடியும்?

நம் பாடநூல் கணக்குகளில் “ஒரு கடத்தி”, “ஒரு கருவி” என்றே வருகிறது. யார் வீட்டுக் கருவி? அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள்: ஓம் விதி நடத்தும் வாரத்தில் ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டிலுள்ள கருவிகளின் வாட்டை எழுதி வந்து, எந்தப் பிளக்கில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கிடட்டும். செய்முறை ஏட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். பெற்றோரிடம் கேட்பது அதைவிடச் சிறியது. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் ஹீட்டருக்கென்று குளியலறைக்கு வெளியே பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் தனியாக வைத்தாகிவிட்டது. ஃபியூஸில் சரியான கம்பி போட்டாயிற்று; எலக்ட்ரீஷியன் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனாலும் பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. இன்றைக்கும் ஹீட்டரைப் போடுமுன், “ஏய் பிள்ளை, இஸ்திரி ஓடுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சில் கை வைக்கிறார்கள்.