நிலம் தானமல்ல, உரிமை

ஹைதராபாத்துக்குக் கிழக்கே, மூசி நதிப் படுகையில் உள்ள சிறு நகரம் போச்சம்பள்ளி. வயலும் தறியுமே அதன் வாழ்வு. 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே அங்கு சென்றபோது, தலித் மக்கள் அவரிடம் 80 ஏக்கர் நிலம் கேட்டனர். நிலவுடைமையாளர் வெதிரெ ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூமிதான இயக்கம் தோன்றியது. ஊரும் பூதான் போச்சம்பள்ளி எனப் பெயர் பெற்றது.

அந்தக் கொடையைக் கொடையாளியின் பெருந்தன்மை என்று மட்டும் கூறுவது வரலாற்றை மறைப்பதாகும். 1946 ஜூலையில் கடவெண்டியில் தொட்டி கொமரய்யா கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட தெலுங்கானா ஆயுதப் போராட்டம் அப்போதும் ஓயவில்லை. சுமார் 3,000 கிராமங்களில் வெட்டி ஊழியம் ஒழிக்கப்பட்டது. 10 லட்சம் ஏக்கர் நிலம் உழவர் கைக்கு வந்தது. அதற்காக 4,000 தோழர்களும் விவசாயிகளும் உயிர் ஈந்தனர். 1951 அக்டோபரில் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. தானமோ தொடர்ந்தது, ஆயினும் நாடெங்கும் தானமாக வந்த நிலத்தில் பெரும்பகுதி ஏழைகளைச் சென்றடையவில்லை. பாறையும் தரிசும் வழக்கில் சிக்கியவையும் அதில் ஏராளம்.

இன்றும் கேள்வி மாறவில்லை. 2018இல் தொடங்கிய ரைத்து பந்து திட்டம் பட்டாதாரருக்கு ஏக்கர் கணக்கில் பணம் வழங்கியது. குத்தகைக்கு உழுதவருக்கு எதுவும் வழங்கவில்லை. பழைய பஹாணி ஆவணத்தில் நிலத்தை அனுபவிப்பவர் பெயருக்கு இடமிருந்தது. 2020இல் வந்த தரணி இணையப் பதிவேட்டில் அந்த இடமே இருக்கவில்லை. பயிர்க்கடனும் இழப்பீடும் பட்டாவைத் தேடிச் செல்கின்றன. கடன் சுமை மட்டும் உழுதவர் தலையில் விழுகிறது. தலைநகரின் கழிவுநீர் மூசி வழியே இவ்வயல்களில் பாய்கிறது. மறுபுறம் மனை வணிகமும் வட்டச்சாலைத் திட்டமும் விளைநிலத்தை விழுங்க வருகின்றன. நிலம் கைமாறும்போது உடைமையாளருக்கு விலை கிடைக்கும். குத்தகையாளருக்கும் கூலித் தொழிலாளருக்கும் என்ன கிடைக்கும்?

கீழத்தஞ்சையின் போராட்டமே 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைப் பெற்றுத் தந்தது என்பதைத் தமிழகத் தோழர்கள் அறிவர். எழுத்தில் இல்லாத குத்தகையால் வாடுவோர் இங்கும் உண்டு. உழுபவர் அனைவரையும் பதிவு செய்து கடனும் காப்பீடும் வழங்குதல், பூமிதான நிலங்களைக் கணக்கெடுத்து நிலமற்றோருக்குப் பட்டா அளித்தல், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகையாளருக்கும் மறுவாழ்வு உறுதி செய்தல் ஆகிய கோரிக்கைகளைக் கிராமந்தோறும் கொண்டுசெல்ல வேண்டும். மனமிரங்கித் தருவதை மனம் மாறினால் திரும்பப் பெறவும் முடியும். போராடிப் பெற்ற உரிமையை அமைப்பின் வலிமையே காக்கும்.